படையெடுத்தவனுக்கு எதைக் கொடுக்கலாம்?

கேள்வி (பெரம்பூர் வாசகர்), 16 ஆகஸ்ட் 2025

"இங்கே சுதந்திர தின மிட்டாய் கொடுத்து முடித்த ராத்திரி, உக்ரைன் போரை நிறுத்தப் பேசுகிறோம் என்று அலாஸ்காவில் புதினுக்கு டிரம்ப் சிவப்புக் கம்பளம் விரித்தார். வீடு புகுந்து அடித்தவனிடமே 'உனக்கு எந்த அறை வேண்டும்' என்று கேட்பதா? படையெடுத்த நாட்டுக்கு ஒரு பிடி மண் கூடக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்."

17 ஆகஸ்ட், காலை

மறுக்கிறேன். காரணம் இதோ.

வீடு புகுந்தவன் கதையில் தெருமுனையில் ஒரு காவல் நிலையம் இருக்கிறது. நாடுகளுக்கு அது கிடையாது. புகார் வாங்க வேண்டிய ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யாவே வீட்டோ அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

படையெடுத்தவனுக்கு ஒன்றுமே தராமல் முடிந்த போர்கள் உண்டு. 1945இல் ஜெர்மனி: பெர்லினுக்குள் செஞ்சேனை நுழைந்த பிறகு பேரம் பேசவே ஆளில்லை. 1982இல் ஃபாக்லாந்து: தீவிலிருந்த அர்ஜென்டினப் படை முழுவதும் சரணடைந்தது, லண்டன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டிலும் களத்திலேயே கணக்கு தீர்ந்துவிட்டது. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாட்டின் தலைநகருக்குள் யார் படை நடத்திப் போகப் போகிறார்கள்? அதற்கு வழியில்லை என்றால் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் எழுந்து வர வேண்டும். எதைக் கொடுப்பது, யார் கொடுப்பது, அதுதான் பேச்சு.

17 ஆகஸ்ட், இரவு

பெரம்பூர்க்காரர் 'மியூனிக்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எதிர்பார்த்ததுதான். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டாவது பதில் மியூனிக்காகத்தான் இருக்கும், ஐந்தாவது பதில் கச்சத்தீவு. பார்ப்போம்.

சரி, மியூனிக்கையே எடுத்துக்கொள்வோம். 1938 செப்டம்பர் 30 அதிகாலை, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் கையெழுத்துப் போட்டுச் சுதேத்தன்லாந்தை ஹிட்லருக்குக் கொடுத்தன. செக்கோஸ்லோவாக்கியாவின் ஆட்கள் அந்த அறைக்குள்ளேயே இல்லை. அதோடு, கொடுத்த பகுதி வெறும் மண்ணும் இல்லை. அந்த நாட்டின் எல்லைக் கோட்டைகளும் பதுங்கு அரண்களும் இருந்த மலைப்பகுதி. அதை இழந்த பிறகு மிச்ச நாட்டைக் காப்பாற்ற வழியே இல்லாமல் போய், 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகாவுக்குள் சும்மா நடந்து வந்தது.

ஆகவே மண் கொடுத்ததே பாவம் என்று அதைச் சுருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்தவனுடைய மண்ணை எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் அவன் தன்னைக் காத்துக்கொள்ளும் அரணாகப் பார்த்துக் கொடுத்தார்கள். இப்போது தோனெத்ஸ்க் மாநிலத்தில் உக்ரைன் கையில் மிஞ்சியிருக்கும் பகுதியைக் கேட்கிறார்கள் என்று செய்திகளில் வருகிறதே, ஸ்லோவியான்ஸ்க், கிராமத்தோர்ஸ்க் இருக்கும் பகுதி, அதுவும் 2014 முதல் கட்டிய அரண் வரிசைதான். அந்த ஒரு விஷயத்தில் பெரம்பூர்க்காரரோடு நிற்கிறேன்.

18 ஆகஸ்ட்

கச்சத்தீவு வந்துவிட்டது. நான்காவது பதிலிலேயே. அது போரை முடிக்கக் கொடுத்தது இல்லை, 1974இல் நல்லுறவுக்காகக் கொடுத்தது. இங்கே வேண்டாம், தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

19 ஆகஸ்ட்

நான் என்ன தொழில் என்று ஒருவர் கேட்டிருந்தார். ராஜாஜி சாலைப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் வேலை. கப்பல், சரக்கு, சுங்கம், பேங்க் காகிதம். அதனால் தடைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

படையெடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடியவற்றில் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடியது ஒரு வகை. பொருளாதாரத் தடையை நீக்குவது, எண்ணெய்க்கான விலை உச்சவரம்பைத் தூக்குவது, மாநாட்டில் மறுபடி நாற்காலி போடுவது, தூதரகத்தைத் திறப்பது. வாக்கு மீறினால் இதையெல்லாம் மறுபடி பிடுங்கலாம். கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது இன்னொரு வகை. 'இந்த மாநிலம் இனி சட்டப்படி உன்னுடையது' என்று எழுதிக் கொடுப்பது, செய்த குற்றத்துக்குப் பொதுமன்னிப்பு, படையை வெட்டிக் குறைப்பது.

முதல் வகையில் தாராளமாக இருக்கலாம், இரண்டாவதில் கஞ்சனாக இருக்க வேண்டும். பேரம் படிவது இதில்தான் என்று எனக்குப் படுகிறது.

19 ஆகஸ்ட், இரவு

"கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். சட்டப்படி உன்னுடையது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் மட்டும் என்ன வித்தியாசம்?" என்று திருவான்மியூரிலிருந்து ஒரு ஆசிரியை கேட்கிறார்.

நல்ல கேள்வி. 1940இல் சோவியத் யூனியன் எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றையும் விழுங்கியது. அந்த ஜூலை 23ஆம் தேதி அமெரிக்கா, இதை ஏற்க மாட்டோம் என்று ஓர் அறிக்கை விட்டது. அவ்வளவுதான். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. வாஷிங்டனில் அந்த மூன்று நாடுகளின் தூதரகப் பலகைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஐம்பது வருடம் அது ஒரு கேலிக்கூத்துப் போலத்தான் தெரிந்திருக்கும். 1991இல் சோவியத் யூனியன் உடைந்தபோது அந்த நாடுகள் 'புதிதாகப் பிறக்கவில்லை, இருந்த நாடுதான் திரும்பி வந்திருக்கிறது' என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு காகிதத்தின் பலம் அது.

அவன் நிற்கும் இடத்தில் கோடு போட்டுச் சண்டையை நிறுத்து. எழுதிக் கொடுக்காதே. கொரியாவில் 1953 ஜூலை 27இல் போட்ட கோடு இன்னும் அப்படித்தான் இருக்கிறது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

20 ஆகஸ்ட்

பின்லாந்தை யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன், ஒருவர் இழுத்துவிட்டார். "கொஞ்சம் நிலத்தைக் கொடுத்துத் தப்பித்த நாடு" என்கிறார். கொஞ்சமா?

1939இல் போருக்கு முன் ஸ்டாலின் கேட்டது லெனின்கிராட் பக்கம் எல்லையைத் தள்ளிவைக்கவும் ஹாங்கோவில் ஒரு கடற்படைத் தளமும். பதிலுக்கு வடக்கே காட்டு நிலம் தருவதாகவும் சொன்னார். பின்லாந்து மறுத்தது. நவம்பர் 30 படையெடுப்பு. மூன்றரை மாதம் பனியில் அடித்துக்கொண்ட பிறகு 1940 மார்ச்சில் கையெழுத்தானபோது, முதலில் கேட்டதைவிட அதிகம் போயிருந்தது. விபூரி நகரமே போயிற்று. ஏறக்குறைய நாட்டில் பத்தில் ஒரு பங்கு. நான்கு லட்சத்துக்கு மேல் மக்கள் மூட்டை கட்டினார்கள்.

இதோடு முடியவில்லை. அடுத்த வருடமே ஜெர்மனியோடு சேர்ந்து இழந்ததை மீட்கப் போனார்கள், அதிலும் தோற்றார்கள். கடைசியில் 30 கோடி டாலர் மதிப்புக்குக் கப்பலும் இயந்திரமுமாக மாஸ்கோவுக்குப் போர் இழப்பீடு கட்டி, 1952இல்தான் தீர்த்தார்கள். முதலில் அடி வாங்கியவன் அடித்தவனுக்குக் கட்டிய இழப்பீடு!

ஆனால் ஒன்று. நாடு மிஞ்சியது, ஆட்சி மிஞ்சியது. போரே செய்யாமல் வழிவிட்ட பால்டிக் நாடுகளுக்கு அதுவும் மிஞ்சவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன பாடம் என்று எனக்கே உறுதியாகச் சொல்ல வரவில்லை.

22 ஆகஸ்ட்

இன்று மெட்ராஸ் தினம். காலையில் கோட்டைப் பக்கம் ஒரு நடைச் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்தேன். அவர்களுக்கு வழிகாட்டி சொல்வாரோ மாட்டாரோ, நான் சொல்கிறேன்: இந்த ஊரே ஒரு காலத்தில் சமாதானப் பேரத்தில் கைமாறிய சரக்கு.

1746இல் லா போர்டொனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தன. ஊரைத் தனக்கு விட்டுவிடச் சொன்ன ஆற்காட்டு நவாபின் படையை அடையாற்றங்கரையில் சின்னப் பிரெஞ்சுப் படை ஒன்று விரட்டியது. கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1748இல் ஐரோப்பாவில் ஏ-லா-ஷாபெல் என்ற ஊரில் சமாதானம் பேசியபோது, வட அமெரிக்காவில் இங்கிலாந்து பிடித்து வைத்திருந்த லூயிபூர் கோட்டையைப் பிரான்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டு, மதராஸைத் திருப்பிக் கொடுத்தது. மீன்பிடித் துறைக்கு நடுவில் இருந்த ஒரு கனடாக் கோட்டைக்கு மாற்றாக நம்ம ஊர். லூயிபூரை உயிரைக் கொடுத்துப் பிடித்த நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்கு அதில் பயங்கர ஆத்திரம். வீடு இடிந்த கறுப்பர் நகரத்து நெசவாளியிடமும் துபாஷியிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இந்த ஊர்க் கதைதான். 1769இல் ஹைதர் அலி குதிரைப்படையோடு மதராஸ் வாசலுக்கே வந்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் நடுங்கிப்போய் ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். பிடித்ததை இரு தரப்பும் திருப்பிக் கொடுக்க வேண்டும், யாராவது ஒருவரைத் தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும். ஹைதர் பெரிதாக மதித்தது இரண்டாவதைத்தான். அடுத்து மராத்தியர் மைசூருக்குள் புகுந்தபோது கம்பெனி வரவில்லை. அந்தக் கோபம் 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் வெடித்தது.

1994இல் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுக்கச் சம்மதித்து, அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றிடமும் 'உன் எல்லையை மதிப்போம்' என்று ஓர் உறுதிமொழி வாங்கியது. வெறும் காகிதத்தை நம்பி ஆயுதத்தைக் கீழே வைப்பவர்கள் பொள்ளிலூர் வரைக்கும் ஒருமுறை பஸ் ஏறிப் போய்விட்டு வரலாம்.

23 ஆகஸ்ட்

"அப்போ திப்பு?" என்று ஒருவர். திப்பு 1789 டிசம்பரில் திருவிதாங்கூரைத் தாக்கினார், ஆகவே அந்தக் கணக்கில் படையெடுத்தவர் அவர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என்ன சலுகை கிடைத்தது? பாதி ராஜ்யம் போயிற்று, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம், இரண்டு பிள்ளைகள் பிணையாக மதராஸுக்கு வந்தார்கள். தாக்கப்பட்ட திருவிதாங்கூருக்கு என்ன கிடைத்தது? 1795இல் கம்பெனிப் படைக்கு வருடா வருடம் பணம் கட்டும் ஒப்பந்தம். சேலம், தருமபுரி, திண்டுக்கல், மலபார் எல்லாம் கம்பெனி வாயில். காப்பாற்ற வந்தவனுக்கும் ஒரு பில் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கனிம வள ஒப்பந்தம் என்று இந்த வருடம் அமெரிக்கா கீவில் வைத்த பில்லை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

25 ஆகஸ்ட்

நேற்று டாக்காவில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர், 1971 வங்கதேசப் போர் விவகாரம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று சொல்ல, வங்கதேசத்துத் தரப்பு 'இல்லை, தீரவில்லை' என்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம்மில் பலருக்கு 1972 சிம்லா ஒப்பந்தம் என்றாலே 93,000 கைதிகளையும் பிடித்த நிலத்தையும் சும்மா கொடுத்துவிட்டோம் என்ற புலம்பல்தான் நினைவு. மேற்குப் பக்கம் 13,000 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் திருப்பிக் கொடுத்தது உண்மை. காஷ்மீரில் துர்துக் போன்ற இடங்களைத் திருப்பித் தரவில்லை என்பதும் உண்மை. அதைப் பற்றிய சண்டை இங்கே வேண்டாம். என் கண்ணில் உறுத்துவது 195 என்ற எண். போர்க்குற்றத்துக்காக வங்கதேசம் விசாரிக்க வேண்டும் என்று பிரித்து வைத்திருந்த பாகிஸ்தான் ராணுவத்தினர் 195 பேர். 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரலில் டெல்லியில் மூன்று நாடும் கையெழுத்துப் போட்டன. அந்த 195 பேரும் விசாரணை இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். கருணையின் பேரில், என்று எழுதியிருந்தது.

ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று புரிகிறது. பாகிஸ்தானில் லட்சக்கணக்கான வங்காளிகள் சிக்கியிருந்தார்கள். புது நாட்டுக்கு அங்கீகாரம் வேண்டும், ஐ.நா.வில் இடம் வேண்டும். ஆனால் கருணை யாருடையது? வீட்டில் ஆளை இழந்தவர்கள் அந்த மேசையில் இல்லை. என் இரண்டு வகைகளில் இது 'திரும்ப வாங்க முடியாதது' வகை என்பதால் மட்டும் உறுத்தவில்லை. கொடுத்தவர்களுக்கு அது சொந்தமாகவே இல்லை, அதனால் உறுத்துகிறது.

27 ஆகஸ்ட்

விநாயகர் சதுர்த்தி. இன்று முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரி 50 சதவீதம். அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனையாம். ஆம்பூர்த் தோல் பார்ட்டி ஒருவர் காலையிலேயே போன். கொழுக்கட்டை ஆறிப்போயிற்று. படையெடுத்தவனுக்கான தண்டனைத் தபால் ராணிப்பேட்டை, ஆம்பூர் முகவரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

29 ஆகஸ்ட்

நேற்று பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஈரான் மீதான ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கின்றன. இது படையெடுப்பு விவகாரம் இல்லை, அணு ஒப்பந்தம். ஆனால் நான் சொன்ன 'திரும்ப வாங்கும் சலுகை'க்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. 2015 ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள்: ஏதாவது ஒரு தரப்பு புகார் செய்தால் 30 நாளில் பழைய தடைகள் தாமாகத் திரும்பும். தடுக்க வேண்டுமானால் பாதுகாப்பு அவையில் புதிதாகத் தீர்மானம் நிறைவேற வேண்டும். அதாவது வீட்டோ, தடையை நிறுத்துபவன் கையில் இல்லை, கொண்டுவருபவன் கையில். யார் மூளையோ, கெட்டிக்கார மூளை.

ஆனால் தொழில் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. 2016இல் ஈரான் மீதான தடையை எடுத்தார்கள். 2018இல் அமெரிக்கா வெளியேறிவிட்டது. நடுவில் இருந்த அந்த இரண்டு வருடத்திலும் பெரிய பேங்க்குகள் எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவோம் என்ற பேங்க் உறுதிக் கடிதம்) திறக்கவே தயங்கின. 'நாளைக்கு மறுபடி தடை வந்தால்?' என்ற பயம். திரும்பப் பிடுங்கலாம் என்று எழுதிய சலுகை, எதிராளி கைக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது. அவனுக்கு அது தெரியும். அதனால்தான் அவன் தடை நீக்கத்தோடு நிற்காமல் மண்ணைக் கேட்கிறான், எழுதிக் கேட்கிறான். ஆகவே 19ஆம் தேதி நான் சொன்னது சொல்வதற்கு எளிது, படிய வைப்பது கஷ்டம்.

31 ஆகஸ்ட்

திருவான்மியூர் ஆசிரியை: "ஜப்பானை மன்னித்தோமே, நன்றாகத்தானே போயிற்று?"

போயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸே காலியானது. எங்கள் தாத்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் போனதை அப்பா சொல்லுவார். 1945இல் ஜப்பானிடம் நிபந்தனையற்ற சரணடைவு கேட்டுவிட்டுச் சக்கரவர்த்தியை மட்டும் அவர் இடத்தில் விட்டுவைத்தார்கள். அது எவ்வளவு பெரிய சலுகை! 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு இந்தியா போகவில்லை. 1952 ஜூனில் தனியாகச் சமாதான ஒப்பந்தம் போட்டு, போர் இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. 1958இல் ஜப்பான் தன் முதல் யென் கடனை இந்தியாவுக்குத்தான் கொடுத்தது. இன்று நீங்கள் ஏறும் சென்னை மெட்ரோவில் பெரும் பங்கு ஜப்பான் கடன். நாட்டுக்கு நாடு என்று பார்த்தால் லாபமான பேரம்.

ஆனால் சயாம்-பர்மா ரயில் பாதை இருக்கிறதே. மலேயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போய், காலராவிலும் பசியிலும் காட்டில் கொன்ற பாதை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. இழப்பீடு வேண்டாம் என்று டெல்லி பெருந்தன்மையாகச் சொன்னபோது, புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் மகன் திரும்பாத தாய்களிடம் கேட்டார்களா?

நாடு தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். அந்தத் தாயின் பங்கை விட்டுக்கொடுக்க நாட்டுக்கு யார் உரிமை கொடுத்தது? பேர மேசையில் நிலக்கோடு, தடை, எண்ணெய், நாற்காலி எல்லாம் வரட்டும். தனி ஆளின் கணக்கு அந்த மேசைக்கே வரக் கூடாது.

3 செப்டம்பர்

"கேட்க நன்றாக இருக்கிறது, உலகத்தில் நடந்ததுண்டா?" என்கிறார் பெரம்பூர்க்காரர்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. சித்தப்பா குவைத்தில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தார். 1990 ஆகஸ்ட் 2 காலையில் ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஈராக் டாங்க். சம்பள பாக்கி, சேமிப்பு, வாங்கி வைத்த டிவி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போனார். பாலைவனக் கூடாரத்தில் குடிதண்ணீருக்கு வரிசை. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய், அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல். வந்து இறங்கியபோது தாடியும் ஒரு ரெக்ஸின் பையும்தான். பாட்டிக்கு அடையாளமே தெரியவில்லை.

அந்தப் போரை முடித்த 1991 ஏப்ரல் தீர்மானத்தில், ஈராக் இழப்பீடு கட்ட வேண்டும் என்று எழுதி, ஜெனீவாவில் ஐ.நா. ஓர் ஆணையம் வைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை அதில் போட்டார்கள். வேலை பார்த்த இடத்தைவிட்டு ஓட வேண்டி வந்தவர்களுக்குத் தனி ஆளுக்கு 4,000 டாலர் வரை, குடும்பத்துக்கு 8,000 வரை நிர்ணயித்தார்கள். பெரிய எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் அரசுகளுக்கும் முன்னால் இந்தச் சின்ன ஆட்களுக்குத்தான் முதலில் பணம் என்று வரிசையும் போட்டார்கள். அது சாதாரண விஷயம் இல்லை.

சித்தப்பா படிவம் நிரப்பினார், மறந்தும் போனார். பல வருடம் கழித்து ஒரு நாள் பேங்கிலிருந்து கடிதம். "என் சம்பள பாக்கிக்கே காணாது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார். அத்தை கல்யாணக் கடன் அதில் அடைந்தது.

மொத்தம் 5,240 கோடி டாலர். சுமார் 15 லட்சம் பேருக்கும் அமைப்புகளுக்கும். கடைசித் தவணை 2022 ஜனவரியில். கட்டி முடிக்க முப்பது வருடத்துக்கு மேல், ஆனால் கட்டினார்கள்.

5 செப்டம்பர்

எதிர்பார்த்த அடி வந்துவிட்டது. வழக்கறிஞர் நண்பர் எழுதுகிறார்: "உங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தது சதாம் இல்லை. மருந்தில்லாத பாக்தாத் ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளை கொடுத்தது."

இதற்கு எதிர்வாதம் இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். தடைக்கு நடுவே உணவும் மருந்தும் வாங்க ஈராக் எண்ணெய் விற்கலாம் என்று ஐ.நா. விட்ட 'உணவுக்கு எண்ணெய்'த் திட்டம் தொடங்கியபோது ஈராக் விற்ற எண்ணெயில் 30 சதவீதம் இழப்பீட்டுக்கே போனது. அந்த நாட்களில் அங்கே சாதாரண மக்கள் பட்ட பாடு தெரிந்ததுதான். பிறகு 25 ஆக்கினார்கள், 2003க்குப் பிறகு 5 ஆக்கினார்கள். அந்த 5 சதவீதத்தில்கூடக் கடன் அடைந்தது. முதலிலிருந்தே 5 என்று வைத்திருந்தால் சித்தப்பாவுக்கு இன்னும் சில வருடம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே சலுகை கொடுக்க வேண்டிய இடம் இதுவாக இருக்கலாம். தொகையைக் குறைக்க வேண்டாம், தவணையை நீட்டு. படையெடுத்த நாட்டின் குடிமகனுக்கு மூச்சு விட இடம் கொடு. 1921இல் ஜெர்மனி மீது 13,200 கோடி தங்க மார்க் என்று ஒரு தொகையை ஏற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை, அல்லது தெரிந்தும் உள்ளூர்த் தேர்தலுக்காக ஏற்றினார்கள்.

அதே ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதற்கு இங்கே யாருக்காவது இழப்பீடு கிடைத்ததா என்று ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டுக் கேட்டிருக்கிறார். உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு கிடைத்தது.

7 செப்டம்பர்

என் கட்சிக்கு எதிராக நானே ஒன்று எடுத்து வைக்கிறேன், வேறு யாரும் வைக்கவில்லை.

கொரியாவில் 1951 ஜூலையிலேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. நிலக்கோடு பற்றி அந்த வருடக் கடைசிக்குள் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். பிறகு எதில் மாட்டியது? கைதிகளில். ஊருக்குத் திரும்ப விரும்பாத சீன, வட கொரியக் கைதிகளைக் கட்டாயமாக அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கத் தரப்பு. எல்லோரையும் அனுப்பு என்றது எதிர்த் தரப்பு. தனி ஆளின் விருப்பம், நான் மேலே சொன்ன அதே கொள்கை. அதற்காக ஒரு வருடத்துக்கு மேல் போர் இழுத்தது. அந்த நாட்களில் மலைமுகடுகளில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர்.

கடைசியில் நடுநிலை ஆணையம் ஒன்று வைத்து, நம் ஜெனரல் திம்மையா தலைவர், இந்தியக் காவல் படை போய் அந்தக் கைதிகளைப் பொறுப்பேற்றது. எங்கும் போக விரும்பாத 88 பேர் கப்பலேறி இந்தியாவுக்கே வந்துவிட்டார்கள். நமக்குப் பெருமையான கதைதான். ஆனால் அந்தக் கைதிகளின் விருப்பத்தைக் காக்க, விருப்பம் கேட்கப்படாத எத்தனையோ சிப்பாய்கள் செத்தார்கள். அதைத் தராசில் எப்படி வைப்பது?

எனக்குத் தோன்றும் ஒரே வழி: தனி ஆளின் கணக்கைப் போர்நிறுத்தத்துக்கு நிபந்தனையாக்காமல், வேறு அறைக்கு மாற்றிவிடுவது. சுடுவது நிற்கட்டும். கணக்கு வேறு இடத்தில், வேறு ஆட்களிடம், யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் ஏறிக்கொண்டே போகட்டும். கையெழுத்திடுபவர்கள் 'இதையும் ரத்து செய்கிறோம்' என்று எழுதாமல் இருந்தால் போதும்.

உக்ரைனுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் ஐரோப்பா கவுன்சில் (Council of Europe, ஐரோப்பிய யூனியன் இல்லை) ஹேக் நகரில் சேதப் பதிவேடு ஒன்றை வைத்தது. வீடு இழந்தவர்களின் மனுக்களை 2024 முதல் வாங்குகிறார்கள். ரஷ்யா அதில் இல்லை, கட்டவும் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கு நாடுகளில் முடக்கிவைத்த ரஷ்யப் பணம் ஏறக்குறைய 30,000 கோடி டாலர், அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் பேரத்தில் ஒரு சலுகையாக வரும், பாருங்கள். அந்த முதல் வகையில் மற்ற எந்தச் சலுகைக்கும் நான் மண்டையை ஆட்டிவிடுவேன், இதற்கு மட்டும் மாட்டேன்.

7 செப்டம்பர், பின்னிரவு

பெரம்பூர்க்காரர்: "அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்." இல்லை ஐயா. நீங்கள் மண்ணில் பிடிவாதம், நான் பணத்தில் பிடிவாதம். வியாபாரி புத்தி.

10 செப்டம்பர்

எங்கள் தெருவில் ஒரு பையன் கார்கீவில் நாலாம் வருடம் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். 2022 மார்ச்சில் மெட்ரோ சுரங்கத்தில் படுத்துக் கிடந்து, போலந்து எல்லைக்கு ரயிலேறி, அரசு விமானத்தில் வந்து சேர்ந்தான். கட்டிய கட்டணம், விடுதி அட்வான்ஸ், மடிக்கணினி எல்லாம் அங்கே. அப்பா இன்னும் கல்விக் கடன் கட்டுகிறார். குவைத்துக் கதையைப் படித்துவிட்டு நேற்று கேட்டார்: "ஹேக்ல எங்களை மாதிரி வெளிநாட்டுக்காரங்களும் மனு போடலாமா சார்?"

விதியில், உக்ரைன் மண்ணில் 2022 பிப்ரவரி 24 முதல் நடந்த சேதம், பாதிக்கப்பட்ட தனி ஆட்கள் என்று இருக்கிறது. மனுவைத் தாக்கல் செய்வது உக்ரைன் அரசின் செயலி வழியாக. இங்கிருந்து அதற்குள் எப்படி நுழைவது என்பதுதான் சிக்கல். வழக்கறிஞர் நண்பர் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை, அங்கே படித்து வந்த பிள்ளைகள் யார் வீட்டிலாவது இருந்தால் கட்டண ரசீது, விடுதிச் சீட்டு, பேங்க் அனுப்பீட்டுக் காகிதம் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.